தேசபந்துவும் கைதிக் கூண்டும்

வக்கீல் தொழிலைப் பற்றி நம் ஜனங்களுக்கு என்றுமே உயர்ந்த அபிப்பிராயம் இருந்ததில்லை. கோர்ட்டு வாசலை மிதித்தவன் ஜயித்தாலும் பாதி தோற்றவனே என்று கிராமத்துப் பெரியவர்கள் கூறுவதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அத்தொழிலில் சில வருஷங்களைக் கழித்த நாம் அவ்வபிப்பிராயத்தை முற்றும் மறுக்கத் துணியமாட்டோம். ஆயினும், பணமும் பெயரும் ஆள்பலமும் ஒரு பக்கம் திரண்டு நிற்க, மறுபக்கத்தில் விலங்கு பூண்ட ஒரு மனிதன் தனியே நிற்கும்போது, எழுந்து அவன் அருகில் போய் நிற்பதற்கென்றே ஒரு தொழில் உலகில் இருக்கிறது என்பதையும், அத்தொழிலுக்கு வக்கீல் தொழில் என்றுதான் பெயர் என்பதையும் மறந்துவிடலாகாது. இதை நமக்கு மறவாமல் நினைவூட்டும் ஒரு மகானின் சரித்திரத்தை இன்று நேயர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

தேசபந்து சித்தரஞ்சன தாஸ் டார்ஜிலிங் மலையில் உயிர் நீத்து நூறு வருஷங்கள் கடந்துவிட்டன. கயா காங்கிரஸில் அக்ராசனம் வகித்தவர், சுயராஜ்யக் கட்சியை ஸ்தாபித்தவர், கல்கத்தா நகரத்தின் மேயர், சுபாஷ் சந்திர போஸின் குரு என்றெல்லாம் தேசம் அவரைப் போற்றுகிறது. அவையாவும் உண்மையே. ஆனால் அந்தத் தலைவர் எங்கிருந்து வந்தார் என்று கேட்டால், அலிபூர் ஸெஷன்ஸ் கோர்ட்டிலிருந்து வந்தார் என்றே நாம் விடை சொல்வோம். கைதிக் கூண்டின் அருகே நின்ற பிறகே அவர் தேசத்தின் முன் வந்து நின்றார்.

தாஸ் 1870-ம் வருஷம் நவம்பர் மாதம் 5-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார். அவருடைய முன்னோர்களின் ஊர் டாக்கா ஜில்லாவில் விக்கிரமபுரத்தைச் சேர்ந்த தேலிர்பாக் என்னும் கிராமம். தந்தையார் புவனமோகன தாஸ் கல்கத்தா ஹைக்கோர்ட்டில் ஸாலிஸிட்டர், பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர், பத்திரிகை நடத்தியவர், கேட்டவர்க்கு இல்லை என்று சொல்லத் தெரியாதவர். அவ்வித மனிதர்களுக்கு உலகம் அளிக்கும் பரிசு நாம் அறிந்ததே. சிநேகிதர்களுக்காகப் பட்ட கடனும் தருமத்திற்காகப் பட்ட கடனும் சேர்ந்து குடும்பத்தை அமுக்கின. மகன் தந்தையிடமிருந்து பெற்ற பிதிரார்ஜிதம் இரண்டு: ஒன்று அந்தக் கடன், மற்றொன்று அந்தக் கை.

பிரஸிடென்ஸி காலேஜில் 1890-ல் பட்டம் பெற்றதும், ஐ.ஸி.எஸ். பரீட்சைக்காகச் சித்தரஞ்சனர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே தாதாபாய் நௌரோஜி பார்லிமெண்டுக்கு நின்ற சமயத்தில் அவருக்காக மேடையேறிப் பேசினார். பரீட்சையில் தேறவில்லை. தேறியிருந்தால் வங்காளத்தின் ஏதோ ஒரு ஜில்லாவில் கலெக்டராகவோ ஜட்ஜாகவோ இருந்து பென்ஷன் பெற்றிருப்பார். தேசத்தின் பாக்கியம், அவர் பாரிஸ்டராகத் திரும்பினார்.

திரும்பியவருக்குக் கல்கத்தா ஹைக்கோர்ட்டில் ஆசனம் கிடைத்ததே தவிர வழக்குகள் கிடைக்கவில்லை. புது பாரிஸ்டருக்கு ஸாலிஸிட்டர்களின் தயவு வேண்டும். கடன்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு அத்தயவு எளிதில் கிட்டுமா? ஆகவே, அவர் வெளி ஜில்லாக்களின் கிரிமினல் கோர்ட்டுகளுக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. பெரிய பாரிஸ்டர்கள் தீண்டத் தயங்கிய வேலை அது. அடிதடி, கொள்ளை, கொலை. அழுக்கு வேஷ்டியுடன் வாசலில் காத்திருக்கும் உறவினர். கைமாற்று வாங்கிக் கொண்டுவந்த பீஸ். ஆனால் குறுக்கு விசாரணை என்னும் வித்தையை அவர் கற்றது இந்தப் பள்ளிக்கூடத்தில்தான். போலீஸ் டயரி எவ்வாறு எழுதப்படுகிறது, சாட்சி எவ்வாறு தயாராகிறான், பயந்த மனிதன் எவ்வாறு தன் விரோதமாகவே பேசிவிடுகிறான் என்பவற்றை அவர் அங்கே கண்டார்.

இதற்கிடையில் கடன் முற்றிற்று. 1906-ல் தந்தையும் மகனும் சேர்ந்து இன்ஸால்வென்ஸி மனுச் செய்துகொள்ள நேர்ந்தது. கௌரவமான குடும்பத்திற்கு அதைவிடப் பெரிய அவமானம் அக்காலத்தில் இல்லை. திவாலான பாரிஸ்டர் என்ற பெயரோடு ஒருவர் தினமும் வக்கீல்கள் அறைக்குள் நுழைவது எத்தகைய சோதனை என்பதைத் தொழிலில் இருந்தவர்களே அறிவார்கள்.

அப்பொழுது வங்காளம் கொதித்துக்கொண்டிருந்தது. 1905-ல் கர்ஸன் பிரபு வங்காளத்தைத் துண்டாடியதன் பின், பத்திரிகைகளின் மீதும் பிரசங்கிகளின் மீதும் ராஜத்துரோக வழக்குகள் வரிசையாகத் தொடரப்பட்டன. 1907-ல் ஸந்தியா பத்திரிகாசிரியர் பிரம்மபாந்தவ உபாத்தியாயர் மீது வழக்கு நடந்தபோது தாஸ் அவருக்காக ஆஜரானார். விசாரணை முடியுமுன்னரே உபாத்தியாயர் ஆஸ்பத்திரியில் காலமாகி, சர்க்காரின் கைக்கு எட்டாத இடத்திற்குப் போய்விட்டார். அதற்கு அடுத்த வருஷம் வந்தது பெரிய வழக்கு.

1908-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 30-ந் தேதி இரவு, பீஹாரில் உள்ள முஸாபர்பூரில் ஒரு கோச்சு வண்டியின் மீது வெடிகுண்டு வீசப்பட்டது. கிங்ஸ்போர்டு என்ற ஜட்ஜைக் கொல்வது நோக்கம். மாண்டவர்களோ கென்னடி என்பாரின் மனைவியும் மகளுமாகிய இரண்டு நிரபராதிகள். இரண்டே நாளில் கல்கத்தாவில் போலீஸார் பல வீடுகளில் புகுந்தனர். மாணிக்தலாத் தோட்டத்தில் வெடிமருந்தும் ஆயுதங்களும் அகப்பட்டன. பாரீந்திர குமார கோஷும் அவருடைய தோழர்களும் பிடிபட்டனர். பாரீந்திரரின் தமையனாராகிய அரவிந்தரும் தம் படுக்கையிலிருந்து எழுப்பப்பட்டுக் கைது செய்யப்பட்டார். அரசர் மீது போர் தொடுக்கச் சதி செய்ததாகக் குற்றச்சாட்டு. தண்டனை தூக்கு அல்லது தீபாந்தரம்.

சர்க்கார் இவ்வழக்கை எவ்விதம் நடத்திற்று என்பதைக் கவனிக்க வேண்டும். பிராஸிக்யூஷனை நடத்துவதற்கு நம் சென்னையிலிருந்து எர்ட்லி நார்ட்டன் துரை தருவிக்கப்பட்டார். சென்னை ஹைக்கோர்ட்டில் அவருக்கு நிகரான கிரிமினல் பாரிஸ்டர் இல்லை என்பது அக்காலத்தவரின் மதிப்பு. காங்கிரஸ் மகாசபையின் ஆரம்ப நாட்களில் அதற்குத் துணை நின்ற அதே நார்ட்டன்தான். அவருக்கு நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் பீஸ் என்று சொல்லப்பட்டது. சாட்சிகள் 206 பேர். தாக்கலான தஸ்தாவேஜுகள் நாலாயிரத்துக்கு மேல். குண்டுகள், துப்பாக்கிகள், ரஸாயனச் சாமான்கள் என்று சான்றுப் பொருள்கள் வேறு நூற்றுக்கணக்கில். இவ்வளவையும் படித்து, பிரித்து, பொய்யெது மெய்யெது என்று கண்டு பதில் சொல்ல வேண்டிய கடமை, ஜெயிலில் அடைபட்டிருந்த முப்பதுக்கு மேற்பட்ட வாலிபர்களின் தலையில் விழுந்தது. அவர்களில் பலர் காலேஜ் மாணாக்கர்கள்.

சட்டம் அவர்களுக்கு என்ன அளித்தது? 1898-ம் வருஷத்துக் கிரிமினல் விசாரணைச் சட்டத்தின் 340-வது பிரிவு, குற்றம் சாட்டப்பட்ட ஒவ்வொருவனும் வக்கீல் வைத்துக்கொண்டு எதிர்வாதம் செய்யலாம் என்று கூறிற்று. வைத்துக்கொள்ளலாம் என்றதே தவிர, வைத்துக்கொள்ள வகையற்றவன் என்ன செய்வது என்று கூறவில்லை. பசித்தவனைப் பார்த்து ஓட்டலில் சாப்பிட உனக்குப் பூரண உரிமை உண்டு என்று சொல்வதற்கு இது ஒப்பாகும். இவ்வளவுக்கும், ஏழைக் கைதிகளுக்குப் பொதுப் பணத்திலிருந்து வக்கீல் வைக்க வகை செய்யும் சட்டம் 1903-லேயே இங்கிலாந்தில் ஏற்பட்டுவிட்டது. தன் வீட்டில் நியாயம் என்று கண்டதை ஆள வந்த வீட்டில் வழங்க ஆங்கில அரசாங்கத்துக்கு மனம் வரவில்லை.

அரவிந்தரின் சகோதரி ஸரோஜினி தேவி, தமையனின் எதிர்வாதச் செலவுக்காகத் தேச மக்களிடம் பிச்சை கேட்டார். பணம் வந்தது, அணா அணாவாகவும் வந்தது. அதைக் கொண்டு பெயர் பெற்ற பாரிஸ்டர் ஒருவர் அமர்த்தப்பட்டார். ஆனால் விசாரணை மாதக்கணக்கில் நீண்டது, திரட்டிய பணம் கரைந்தது, வக்கீல் விலகினார். அவரைக் குறை கூற நமக்கு மனமில்லை. தொழிலின் சம்பிரதாயம் அதுவே. ஆயினும் நேயர்கள் ஒரு கணம் அந்த நிலையை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நார்ட்டன் துரைக்குக் கஜானா திறந்திருந்தது. கூண்டுக்குள் இருந்தவருக்கோ சகோதரியின் மடியில் சில்லறைகூட மிச்சமில்லை. தராசு ஆடுவதற்கு முன்னமே ஒரு தட்டில் கல் வைத்தாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் திவாலான பாரிஸ்டர் சித்தரஞ்சன தாஸ் வழக்கை ஏற்றார். கடன்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். பெண்டு பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டியவர். அப்பொழுதுதான் தொழிலில் சிறிது நிமிரத் தொடங்கியவர். மற்ற வழக்குகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பெயருக்கு ஏதோ கிடைத்ததைக் கொண்டு, மாதக்கணக்கில் இரவும் பகலும் இவ்வொரு வழக்கிலேயே மூழ்கினார். இருந்த கடனோடு புதுக் கடனும் சேர்ந்தது.

அலிபூர் கோர்ட்டில் ஒரு விசித்திரமான சேர்க்கை நிகழ்ந்தது. ஜட்ஜு பீச்கிராப்ட் ஐ.ஸி.எஸ். பரீட்சையில் தேறியவர். கூண்டில் இருந்த அரவிந்தர் அதே வருஷத்தில் அதே பரீட்சையை எழுதி, கிரேக்க பாஷையில் பீச்கிராப்டை முந்தியவர். குதிரைச் சவாரிப் பரீட்சைக்குப் போகாமல் உத்தியோகத்தை இழந்தவர். அவருக்காக வாதித்த தாஸோ பரீட்சையிலேயே தேறாதவர். ஆசனத்தில் ஒருவர், கூண்டில் ஒருவர், நடுவில் ஒருவர். விதி விளையாடும் விதம் இவ்வாறு.

கோர்ட்டின் சூழ்நிலையோ பயங்கரமாயிருந்தது. அப்ரூவராக மாறிய நரேந்திர கோஸ்வாமியை 1908 ஆகஸ்டு 31-ந் தேதி ஜெயிலுக்குள்ளேயே உடன் கைதிகள் சுட்டுக் கொன்றனர். 1909 பிப்ரவரியில் சர்க்கார் வக்கீல் அசுதோஷ் விசுவாஸ் கோர்ட்டு எல்லையிலேயே சுடப்பட்டு மாண்டார். இப்படிப்பட்ட கொலைகளை நாம் அங்கீகரிக்கவில்லை, தாஸும் அங்கீகரிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கொலையும் கூண்டில் இருந்தவர்கள் மீது மேலும் ஒரு நிழலைப் படியவைத்தது. ஊர் முழுவதும் ஒருவனைக் குற்றவாளி என்று கருதும்போது அவனுக்காகப் பேசுவதற்கு, சட்ட ஞானத்தைவிட நெஞ்சுரம் அதிகம் வேண்டும்.

அவருடைய வாதத்தின் திறமையைக் காட்ட ஒன்றைச் சொல்வோம். அரவிந்தருக்கு எதிரான சான்றுகளில் முக்கியமானது ஒரு கடிதம். 1907 டிசம்பரில், ஸூரத் காங்கிரஸ் சமயத்தில், பாரீந்திரர் தமையனுக்கு எழுதியதாகச் சொல்லப்பட்டது. தேசமெங்கும் மிட்டாய் தயாராயிருக்க வேண்டும் என்ற பொருளில் அதில் ஒரு வாக்கியம் இருந்தது. மிட்டாய் என்றால் வெடிகுண்டு என்று பிராஸிக்யூஷன் பாஷ்யம் செய்தது. தாஸ் அக்கடிதத்தை எடுத்து, வங்காளி வீட்டு வழக்கத்தைக் கொண்டு அதைச் சோதித்தார். தமையனும் தம்பியும் அன்று ஸூரத்திலேயே இருந்தனர். அருகில் இருப்பவருக்குக் கடிதம் எதற்கு? வங்காளித் தம்பி மூன்றாம் தமையனை ஸேஜ்தா என்று விளிப்பானே தவிர, ஆங்கில முறையில் பொதுவாகச் சகோதரரே என்று எழுதுவானா? தன் வீட்டில் பாரீன் என்றிருப்பவன் அண்ணனுக்குக் குலப் பெயரோடு கையெழுத்திடுவானா? இங்கிலாந்தில் பிறந்தவன் சாதாரண ஆங்கிலச் சொல்லைப் பிழையாக எழுதுவானா? ஜட்ஜு அக்கடிதத்தைச் சந்தேகத்திற்குரியதென்று கருதி, அதன் மீது தீர்ப்பை நிறுத்த மறுத்தார்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? நாலாயிரம் காகிதங்களுக்கு நடுவே கிடந்த ஒரு சிறு காகிதம் அது. அதைப் படிக்க ஒருவருக்கு நேரம் இருக்க வேண்டும். கைதியின் பாஷையும் பழக்கவழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். கைதியோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாத வக்கீல், கூண்டின் பக்கத்தில் வைத்த நாற்காலிக்குச் சமானம்.

ஒரு வாரத்துக்கு மேல் நீடித்த தாஸின் முடிவுரை பாரத தேசத்துக் கோர்ட்டுகளின் சரித்திரத்தில் அழியா இடம் பெற்றது. அரவிந்தரின் கொள்கைகளை அவர் மறைக்கவில்லை. சுதந்திரத்தை உபதேசித்தது குற்றமானால் தம் கக்ஷிக்காரர் அக்குற்றத்தைச் செய்தவரே என்று துணிந்து ஒப்புக்கொண்டு, குண்டுச் சதிக்கு அவரைச் சம்பந்தப்படுத்தும் சான்று எங்கே என்று மட்டும் கேட்டார். 1909 மே மாதம் 6-ந் தேதி தீர்ப்பு வெளியாயிற்று. அரவிந்தர் விடுதலையானார். மறு வருஷம் அவர் நம் தமிழ் மண்ணில் புதுச்சேரிக்கு வந்து, தம் எஞ்சிய நாற்பது வருஷங்களையும் அங்கேயே கழித்தார். அலிபூரில் வேறு தீர்ப்புச் சொல்லப்பட்டிருந்தால் புதுச்சேரி ஆசிரமம் ஏது?

ஆனால் கதை விடுதலையோடு முடியவில்லை. பாரீந்திரருக்கும் உல்லாஸகர தத்தருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. வேறு பலருக்குத் தீபாந்தரம். அவர்கள் குண்டு செய்தவர்கள்தாம். அதை அவர்களே ஒப்புக்கொண்டிருந்தனர். பெயர் தரும் வழக்கு வெற்றியோடு முடிந்துவிட்டது. இனி எவருக்காகக் கஷ்டப்பட வேண்டும் என்று தாஸ் ஒதுங்கவில்லை. ஹைக்கோர்ட்டு அப்பீலிலும் அவரே நின்றார். பிரதம நீதிபதி ஸர் லாரன்ஸ் ஜென்கின்ஸும் உடன் நீதிபதியும் 1909 நவம்பரில் தூக்குத் தண்டனைகளை ஆயுள் தீபாந்தரமாக மாற்றினர். வேறு சிலரின் தண்டனைகளும் குறைந்தன. பாரீந்திரர் 1959 வரையிலும், உல்லாஸகரர் 1965 வரையிலும் ஜீவித்திருந்தனர்.

நிரபராதிக்காக வாதிப்பதை உலகம் மெச்சும். குற்றம் செய்தவனுக்காக வாதிப்பதை உலகம் சந்தேகிக்கும். ஆனால் தண்டனையின் அளவு நியாயமானதா, சட்டம் சொன்ன வழியில் அவன் விசாரிக்கப்பட்டானா என்று கேட்க அவனுக்கும் ஒருவர் வேண்டும். இதைத் தாஸ் உணர்ந்திருந்தார். பிறகு வந்த டாக்கா சதி வழக்கிலும் அவர் கைதிகளுக்காக நின்றார்.

அலிபூருக்குப் பின் லக்ஷ்மி அவர் வீட்டைத் தேடி வந்தாள். ஜமீன்தார்களும் ராஜாக்களும் அவரை நாடினர். 1913-ல் அவர் செய்த காரியம் ஊரையே திகைக்கச் செய்தது. இன்ஸால்வென்ஸியில் விடுதலை பெற்றவன் பழைய கடனைக் கொடுக்கச் சட்டப்படி கட்டுப்பட்டவனல்ல. தாஸ் கடன்காரர்களைத் தாமே தேடி அழைத்து, தந்தையின் கடன் முழுவதையும் தீர்த்து, திவால் என்ற களங்கத்தைக் கோர்ட்டு மூலமாகவே நீக்கிக்கொண்டார். சட்டத்தின் எல்லை முடியும் இடத்தில் தருமத்தின் எல்லை முடிவதில்லை என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

1919-ல் பஞ்சாபில் ராணுவச் சட்டம் அமலாயிற்று. அங்கே விசேஷ கோர்ட்டுகள் அவசர அவசரமாகத் தண்டனைகளை வழங்கின. வெளி மாகாணத்து வக்கீல்கள் உள்ளே நுழையலாகாது என்று உத்தரவு பிறந்தது. வக்கீலைத் தடுப்பதே கொடுங்கோன்மையின் முதல் அடையாளம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஜாலியன்வாலா படுகொலையையும் அதையொட்டிய கொடுமைகளையும் ஆராய காங்கிரஸ் நியமித்த கமிட்டியில் மகாத்மா காந்தி, மோதிலால் நேரு ஆகியோருடன் தாஸும் அமர்ந்து, தம் தொழிலை விட்டு மாதக்கணக்கில் சாட்சியம் திரட்டினார்.

நாகபுரி காங்கிரஸுக்குப் பின், 1921-ம் வருஷத் தொடக்கத்தில், ராஜாவுக்குரிய வருமானத்தை ஒரே நாளில் உதறினார். அவ்வருஷம் டிசம்பரில் கைதானார். ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டது. எத்தனையோ பேருக்காகக் கூண்டின் அருகில் நின்றவர் இப்போது கூண்டுக்குள் நின்றார்.

அவருடைய கடைசிப் போராட்டத்தைச் சொல்லாமல் இச்சரித்திரம் பூர்த்தியாகாது. 1924 அக்டோபரில் வங்காள சர்க்கார் ஓர் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்து, சுபாஷ் சந்திர போஸ் உள்ளிட்ட பல வாலிபர்களை விசாரணையின்றி அடைத்தது. அதற்குச் சட்டசபையின் முத்திரை பெற 1925 ஜனவரியில் மசோதா கொண்டுவரப்பட்டது. தாஸ் நோயாய்ப் படுத்திருந்தார். எழுந்து நடக்கவும் சக்தியில்லை. அவரைத் தூக்குக் கட்டிலில் வைத்துச் சட்டசபைக்குக் கொண்டுவந்தனர். மசோதா தோற்கடிக்கப்பட்டது. கவர்னர் தம் விசேஷ அதிகாரத்தால் அதைச் சட்டமாக்கிக்கொண்டார் என்பது வேறு விஷயம். குற்றம் இன்னதென்று சொல்லாமல், வக்கீலையும் அனுமதிக்காமல் மனிதனை அடைப்பதை எதிர்த்து, சாகும் தறுவாயில் கட்டிலில் வந்து நின்ற அம்மனிதருக்கும், 1908-ல் கடனோடு அலிபூருக்கு நடந்த பாரிஸ்டருக்கும் வித்தியாசம் ஏதும் இல்லை. ஐந்து மாதங்கள் கழித்து, ஜூன் 16-ந் தேதி, அவர் மறைந்தார். தம் வீட்டையும் பொதுஜனங்களுக்கு விட்டுச் சென்றார்; அது பெண்களுக்கான வைத்தியசாலையாயிற்று.

இனி, இச்சரித்திரத்தை இன்று எழுதுவதன் காரணத்தைக் கூறிவிடுகிறோம். தாஸை நாம் எவ்வளவு போற்றுகிறோமோ அவ்வளவுக்கு ஒரு கேள்வி நம்மை வருத்துகிறது. அவர் ஏற்றிராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அரவிந்தருக்குத் தேசமறிந்த பெயர் இருந்தது; ஆகவே ஒரு தாஸ் கிடைத்தார். அதே வருஷங்களில் ஜில்லா கோர்ட்டுகளில் மாடு திருடியதாகவும், வரப்புச் சண்டையில் அடித்ததாகவும் குற்றம் சாட்டப்பட்டு, கேட்ட கேள்வியின் அர்த்தம்கூடத் தெரியாமல் ஜெயிலுக்குப் போன ஆயிரக்கணக்கானவர்களுக்கு எந்தத் தாஸ் கிடைத்தார்? ஒரு தேசத்தின் நியாயம் ஒரு மனிதரின் தயாளத்தில் தொங்குமானால், அது அம்மனிதருக்குப் பெருமை; தேசத்துக்குப் பெருமையன்று.

இந்த உண்மையைத் தேசம் மெதுவாகவே உணர்ந்தது. 1924-ல் பம்பாயில் ஏழைகளுக்குச் சட்ட உதவி செய்ய ஒரு சங்கம் ஏற்பட்டது. சுதந்திர பாரதத்தின் அரசியல் சட்டம் 22-வது ஷரத்தில், கைதானவன் தன் விருப்பப்படி வக்கீலைக் கலந்துகொள்ளும் உரிமையை அளித்தது. 1973-ம் வருஷத்துக் கிரிமினல் விசாரணைச் சட்டம், ஸெஷன்ஸ் வழக்கில் வசதியற்றவனுக்குச் சர்க்கார் செலவில் வக்கீல் வைக்க வேண்டும் என்றது. 1976-ல் அரசியல் சட்டத்தில் 39-ஏ ஷரத்துச் சேர்க்கப்பட்டது. பீஹார் ஜெயில்களில், குற்றம் ருஜுவானால் கிடைத்திருக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம் விசாரணையின்றியே கிடந்தவர்களைப் பற்றி 1979-ல் சுப்ரீம் கோர்ட்டு விசாரித்தபோது, இலவச வக்கீல் உதவி கைதியின் ஜீவாதார உரிமை என்று தீர்ப்பாயிற்று. பாகல்பூரில் போலீஸார் கைதிகளின் கண்களைக் குருடாக்கிய வழக்கில், மாஜிஸ்டிரேட்டு முன் முதல் நாள் நிறுத்தும்போதே அவ்வுரிமை தொடங்குகிறது என்றும், பணமில்லை என்று சர்க்கார் சாக்குச் சொல்ல முடியாது என்றும் 1981-ல் கூறப்பட்டது. 1987-ல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பிறந்து, 1995-ல் அமலுக்கு வந்தது. பிராஸிக்யூஷனுக்கு முழு நேர வக்கீல்கள் இருப்பதுபோலக் கைதிகளுக்கும் சம்பளம் பெறும் முழு நேர வக்கீல்களை ஜில்லாதோறும் அமர்த்தும் திட்டம் 2022-ல்தான் விரிவாகத் தொடங்கிற்று. அலிபூருக்கும் அதற்கும் இடையே நூறு வருஷங்களுக்கு மேல் ஓடிவிட்டன.

சட்டப் புஸ்தகத்தில் ஏறியதெல்லாம் கோர்ட்டுக்குள் இறங்கிவிட்டதா? 2022-ம் வருஷக் கடைசியில் நம் தேசத்து ஜெயில்களில் இருந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 75 பேர் தண்டனை பெற்றவர்களல்லர், விசாரணைக்குக் காத்திருந்தவர்கள். சர்க்கார் நியமித்த வக்கீலைக் கைதி முதன்முதலாகச் சாட்சி விசாரணையன்றே பார்ப்பதை நாம் தொழிலில் இருந்த காலத்தில் கண்டிருக்கிறோம். கட்டை அவிழ்க்காத கேஸ் காகிதங்களோடு ஒருவர் எழுந்து, கேள்வி ஏதுமில்லை என்று கூறி அமர்வார். கைதி அவரையும் ஜட்ஜையும் மாறி மாறிப் பார்ப்பான். அங்கே வக்கீல் இருந்தார், எதிர்வாதம் இல்லை.

இது நம் தேசத்துக்கு மட்டும் உரிய குறையன்று. அன்னிய ஆட்சியிலிருந்து விடுபட்ட ஏழைத் தேசங்கள் பலவற்றில் போலீஸும் ஜெயிலும் ஆங்கிலேயன் விட்டுச் சென்றபடியே நிலைத்தன. எதிர்வாதத்தை மட்டும் அவன் விட்டுச் செல்லவில்லை. ஆப்பிரிக்காவில் மலாவி தேசத்தில் வக்கீல்கள் மிகச் சிலரே. அங்கே 2000-ம் வருஷம் முதல், சட்டத்தில் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள் ஜெயில்களுக்குள் சென்று, ஜாமீன் எவ்வாறு கேட்பது, மாஜிஸ்டிரேட்டிடம் என்ன சொல்வது என்று கைதிகளுக்கே கற்பிக்கிறார்கள். 2004-ல் அந்நாட்டுத் தலைநகரில் கூடிய மகாநாடு இம்முறையை ஆப்பிரிக்கா முழுவதற்கும் சிபார்சு செய்தது. பணக்காரத் தேசமானால்தான் நியாயம் வழங்க முடியும் என்பாருக்கு மலாவி விடையளித்திருக்கிறது.

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுவே. கைதியின் வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் தருமச் செலவன்று. போலீஸுக்கும் ஜட்ஜுக்கும் கொடுப்பதைப் போலவே நியாயத்தின் செலவு. பிராஸிக்யூஷன் வக்கீலுக்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு இவருக்கும் வேண்டும். விசாரணை நாளிலன்று, கைதான நாளிலேயே அவர் வர வேண்டும். கேஸ்கட்டைப் படிக்க அவருக்கு நேரம் வேண்டும். நம் சகோதர வக்கீல்களுக்கும் ஒரு வார்த்தை: சர்க்கார் திட்டம் பூர்த்தியாகட்டும் என்று காத்திராமல், வருஷத்துக்கு ஒரு கைதியின் கேஸ்கட்டையாவது தாஸ் படித்ததுபோல் படியுங்கள்.

தேசபந்துவின் படத்துக்கு மாலையிடுவது எளிது. மாலையிட்ட கையோடு, அருகிலுள்ள கோர்ட்டில் இன்று வக்கீலின்றிக் கூண்டில் நிற்பவன் யார் என்று விசாரிப்பது சிறிது கஷ்டம். அந்தக் கஷ்டத்தையே அவர் தம் வாழ்நாளெல்லாம் விரும்பி மேற்கொண்டார்.